இன்னும் பிறக்காத டிராஃப்ட் பிக்குக்கு இன்றைக்கு என்ன விலை?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி எடுக்கும் ஃபேன்டஸி ஃபுட்பாலில் டைனஸ்டி என்றொரு வகை உண்டு. சாதாரண லீக்கில் சீசன் முடிந்ததும் அணியைக் கலைத்துவிடுவார்கள். டைனஸ்டியில் கலைப்பே கிடையாது; எடுத்த வீரரை நீங்களாக விடும்வரை அவர் உங்களுடையவர். கல்லூரியிலிருந்து வரும் புதுமுகங்களை மட்டும் ஆண்டுதோறும் ரூக்கி டிராஃப்ட் வைத்து, வரிசைப்படி தேர்ந்தெடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் பிக். கடைசியில் நின்ற அணிக்கு முதல் பிக், கோப்பை வென்ற அணிக்குக் கடைசி பிக். இரண்டு மூன்று ஆண்டு கழித்து வரவேண்டிய பிக்கைக்கூட இப்போதே டிரேட் செய்யலாம் (வேறு அணியோடு மாற்றிக்கொள்ளலாம்) என்பதில்தான் ஆட்டத்தின் ருசியே இருக்கிறது.

எத்தனையாவது பிக், யார் கிடைப்பார், எதுவுமே தெரியாதபோது விலையை எப்படிக் கட்டுவது? நிஜ என்எஃப்எல் அணிகளும் இப்படித்தான் டிராஃப்ட் வைத்துப் புதுமுகங்களை எடுக்கின்றன; அவற்றுக்கும் இதே தலைவலிதான். 1990-களின் தொடக்கத்தில், ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டல்லஸ் கவ்பாய்ஸ் ஒரு புள்ளி அட்டவணை வைத்திருந்தது. முதல் பிக்குக்கு 3000, இரண்டாவதுக்கு 2600, பதினாறாவதுக்கு 1000, முப்பத்திரண்டாவதுக்கு 590. உச்சியில் செங்குத்தாக இறங்கி, அடியில் கிட்டத்தட்ட சமதளமாகிவிடும் சரிவு இது. அணிக்கு ஒரு பிக் என்று வரும் முதல் சுற்றின் 32 எண்களையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 1158 வருகிறது. அதாவது எந்த இடம் என்றே தெரியாத பிக், நட்டநடு பிக்கைவிட மதிப்பு கூடியது. பதின்மூன்றாவது பிக்குக்குச் சமம். பிக்கை விற்ற அணி சரிந்தால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம், அது ஜெயித்தால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிது. தெரியாமை விலையைக் கூட்டுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி மேத்யூ ஸ்டாஃபோர்ட் என்ற வீரரை வாங்க, டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ஜாரெட் காஃப் என்ற வீரரோடு 2022, 2023 முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்தது. ஸ்டாஃபோர்ட் வந்த முதல் சீசனிலேயே ராம்ஸ் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. 2022 பிக் 32-ஆவது இடத்துக்குப் போயிற்று. அடுத்த சீசனில் காயங்கள் வாட்டி 5 வெற்றி, 12 தோல்வி. 2023 பிக் ஆறாவதாக வந்து விழுந்தது! லயன்ஸ் அதைக் கைமாற்றி வாங்கிய பிக்குகளில்தான் ஜமீர் கிப்ஸ், சாம் லாபோர்ட்டா என்ற இரண்டு வீரர்கள் வந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் எதிர்கால பிக் மலிவாகத்தான் போகிறது. ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் என்எஃப்எல் டிரேடுகளை அலசியபோது, அடுத்த ஆண்டு பிக்கைக் கொடுத்து இந்த ஆண்டு பிக்கை வாங்கும் அணிகள் ஆண்டுக்கு 136 சதவீத வட்டி கட்டுவதாகத் தெரிந்தது. சுத்தமான கந்துவட்டி. டைனஸ்டியிலும் அக்டோபர், நவம்பரில் கோப்பைக் கனவில் இருப்பவர் ஒரு ரன்னிங் பேக்குக்காக (பந்தை ஏந்தி ஓடும் வீரர்) அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். அந்த ரன்னிங் பேக்குக்கு முழங்கால் போகலாம், வயது ஏறும். பிக்குக்கு இரண்டும் கிடையாது. ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல் டிராஃப்ட் நெருங்கி, பெயர்கள் தெரியவர, அதன் விலை தானாக ஏறும். வயதான வீரர்களை நம்பி ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் பிக்கை இலையுதிர்காலத்தில் வாங்கி வைப்பதே என் கணிப்பில் சிறந்த வழி.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பிக்கையெல்லாம் விற்றுத் தீர்த்தவர் லீக்கை விட்டே ஓடலாம்; அதனால் பல லீக்குகள், விற்ற பிக் எந்த ஆண்டுக்குரியதோ அந்த ஆண்டுக்கான சந்தாவை முன்கூட்டியே வசூலித்துவிடுகின்றன. நல்ல பிக்குக்காக வேண்டுமென்றே தோற்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க, எடுத்த புள்ளிகளை விட்டுவிட்டு, சரியான ஆட்களை இறக்கியிருந்தால் அந்த அணி எடுத்திருக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளிகளைக் கொண்டு டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கிறார்கள்.