ஐஸில் கிடக்கும் மீனுக்குள் என்ன நடக்கிறது?

பயணத்தின்போது கடலோர உணவகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனால், வாசலிலேயே ஐஸ் மேல் மீன்களை அடுக்கி வைத்து, "எது வேணும், நீங்களே காட்டுங்க" என்பார்கள். பெரியவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இதில் பிள்ளைகள் பக்கம் நியாயம் உண்டு. பிடித்துச் சில மணி நேரமே ஆன கடல் மீனில் வாடை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது.

பிறகு கவிச்சி எங்கிருந்து வருகிறது? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பெரும்பாலான மீன்களின் ரத்தத்தில் இருப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உப்பும் ஆழ்கடலின் அழுத்தமும் புரதங்களைக் குலைத்துவிடாமல் இருக்க, கடல் மீன்கள் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளைத் தசையில் சேர்த்து வைக்கின்றன. ஆழம் கூடக் கூட அதன் அளவும் கூடும். அதற்கு வாடையே கிடையாது.

மீன் செத்ததும் தோல், செவுள், குடல் ஆகியவற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் தசைக்குள் பரவுகின்றன. காற்று எட்டாத இடத்தில் பிழைக்க, இந்தப் பொருளிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவது ட்ரைமெத்திலமைன். துளி இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும் கவிச்சி அதுதான். குளத்து மீனில் மூலப்பொருளே அவ்வளவாக இல்லாததால் இந்த வாடை பெரிதாக வராது. அதில் சில நேரம் அடிக்கும் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள்.

ட்ரைமெத்திலமைன் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க் குணம் கொண்ட பொருள். எலுமிச்சை பிழிந்தால் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி, ஆவியாகாமல் தட்டிலேயே தங்கிவிடும். வாடை அடங்கும், ஆனால் கெட்டது கெட்டதுதான். கேட்காமலே எலுமிச்சையை வாரி இறைத்துக் கொண்டுவந்தால் எனக்கு லேசாகச் சந்தேகம் வரும்.

ஐஸ் இந்த வேலைகளைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. இதிலும் ஒரு வேடிக்கை: வெதுவெதுப்பான கடலில் பிடித்த மீன் ஐஸில் பொதுவாகக் கூடுதல் நாள் தாங்கும். அதன் மேல் வாழும் பாக்டீரியாக்களுக்கு 0 டிகிரி பழக்கமில்லை. குளிர்ந்த கடல் மீனின் பாக்டீரியாக்களுக்கோ அது பழகிய வீடு.

சரி, பிடித்த கையோடு சமைத்தால்தான் ருசியா? அப்படியும் சொல்ல முடியாது. தசையில் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி, மீன் செத்தபின் படிப்படியாக உடைந்து ஐனோசின் மோனோபாஸ்பேட் ஆகிறது. நாக்குக்குச் சுவை தருவதில் இதற்குப் பெரிய பங்கு. அது சேரக் கொஞ்ச நேரம் வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் மேலும் சிதைந்து, கசப்பான ஹைப்போஸாந்தின் மிஞ்சும். செத்த மீன் விறைப்பதற்கு முன்பே துண்டு போட்டால், பிறகு விறைக்கும்போது சதை சுருங்கவும் செய்யும்.

நண்டு கதை வேறு. அதன் செரிமானச் சுரப்பியில் வீரியமான நொதிகள் உண்டு. செத்ததும் அவை சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். தொட்டியில் உயிரோடு வைத்திருப்பது வெறும் காட்சிக்காக இல்லை. இறாலின் தலை கறுப்பதும் முதலில் நொதியின் வேலைதான், பாக்டீரியாவினுடையது இல்லை.

மூக்குக்கும் எட்டாத ஒரு விஷயம் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்தபின் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அலர்ஜி வரும்போது நம் உடலே வெளியிடும் பொருள்தான் இது. பார்வைக்கு மீன் நன்றாகவே இருக்கலாம். வறுத்தாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி வரும், படபடக்கும். பார்க்க அலர்ஜி போலவே இருக்கும். ஒரே மீனைப் பகிர்ந்து சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாக இப்படி வந்தால் ஹிஸ்டமினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.