முடிக்காத சிற்பத்தைக் கண் எப்படி முடிக்கிறது?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “கையோ மூக்கோ உடைந்த சிலையைப் பின்னமானது என்று சொல்லி நம்மூரில் ஒதுக்கிவிடுகிறோம். ஐரோப்பாவிலோ உடல் பாதி, கல் பாதியாக ஒருவர் வேண்டுமென்றே செய்து வைக்க, அதைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. குறை என்றால் கண்ணை உறுத்தத்தானே வேண்டும்? இதில் அறிவியல் ஏதாவது உண்டா, பெரிய பெயருக்குக் கிடைக்கும் சலுகை மட்டும்தானா?”

சலுகை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் உடைந்த சிலையும் முடிக்காத சிலையும் நம் கண்ணுக்கு ஒன்றல்ல என்பதற்குத் திடமான காரணம் இருக்கிறது. அது சிலையில் இல்லாத பகுதியைப் பொறுத்ததன்று, இருக்கும் பகுதி எந்த விதமான கோட்டில் முடிகிறது என்பதைப் பொறுத்தது. (பின்னமான மூர்த்தியைக் கருவறையில் வைப்பதா என்பது ஆகமத்தின் ஒழுங்கு, அதில் நான் தலையிடவில்லை. அலமாரியில் இருக்கும் மண் பிள்ளையாரின் தும்பிக்கை உடைந்ததால்தான் வீட்டில் வியாபாரம் படுத்தது என்பவரிடம் மட்டும் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.)

ஃப்ளோரன்ஸ் நகரின் அகாடமியா கலைக்கூடத்தில், தாவீது சிலைக்கு இட்டுச் செல்லும் கூடத்தில், மைக்கேலாஞ்சலோவின் ‘கைதிகள்’ நால்வர் நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டரைத் தாண்டும் பளிங்குச் சிலை. போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக 1505இல் தொடங்கிய அந்தத் திட்டம் மீண்டும் மீண்டும் சுருக்கப்பட்டு 1545இல்தான் முடிவுக்கு வந்தது. சுருங்கிய திட்டத்தில் இடமில்லாமல் போன இவை சிற்பியின் பட்டறையிலேயே தங்கின. 1564இல் அவர் இறந்த பிறகு அதே நகரின் போபோலி தோட்டத்துச் செயற்கைக் குகையின் மூலைகளில் பதிக்கப்பட்டு, 1909இல்தான் இன்றைய இடத்துக்கு வந்தன. இவற்றை அவர் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினார் என்று சொல்ல நான் தயாரில்லை. பணமும் அரசியலும் வேலையைக் குலைத்தன என்பதே எனக்குப் போதுமான விளக்கமாகப் படுகிறது. வேண்டுமென்றே செய்தவர் அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் பின்னால் வந்த பிரெஞ்சுச் சிற்பி ரோதான். அவர் 1876இல் இத்தாலிக்குப் போய் மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களைப் பார்த்துத் திரும்பினார்; விபத்தாக விளைந்திருந்த ஒன்றைப் பின்னாளில் தம் உத்தியாக்கிக்கொண்டார். அந்த உத்தி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள, கைதிகளே நல்ல பாடநூல்.

நால்வரில் ‘அட்லஸ்’ என்று பெயர் பெற்றவனைப் பாருங்கள். அவனுக்கு முகம் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் செதுக்காத பாறைக் கட்டி நிற்கிறது; அதைத் தாங்குவதுபோல் ஒரு கை மடங்கி மேலே போகிறது. ஆயினும் பார்க்கிற எவரும் ‘தலை வெட்டுப்பட்டவன்’ என்று சொல்வதில்லை. ‘தலை கல்லுக்குள் இருக்கிறது’ என்கிறார்கள். கல்லுக்குள் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்; தெரிந்தும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் நீல மையால் தடித்த எழுத்தில் ‘அ’, ‘ஐ’, ‘ஞ’, ‘ழ’ என்று நான்கைந்து எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதி, அவற்றின் குறுக்கே கோணல்மாணலான பட்டைகளாகச் சில இடங்களை வெள்ளை மையால் அழித்துவிடுங்கள். எஞ்சும் துண்டுகளை இன்னொருவரிடம் காட்டினால் படிக்கத் திணறுவார். அழித்த அதே இடங்களின்மேல் அதே வடிவில் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டிக் காட்டுங்கள். ஒரு புள்ளி மையைக்கூட நீங்கள் திருப்பித் தரவில்லை. ஆனால் எழுத்துகள் சட்டென்று எழுந்து நிற்கும். ஆல்பர்ட் ப்ரெக்மன் என்ற உளவியலாளர் 1981இல் ஆங்கில எழுத்துகளையும் சிந்திய மைத்திட்டையும் வைத்துக் காட்டிய விளையாட்டின் தமிழ் வடிவம் இது. வெள்ளை இடைவெளி இருக்கும்போது எழுத்துத் துண்டின் ஓரம் அந்தத் துண்டுக்கே சொந்தம். ஆகவே துண்டு அங்கே முடிந்துவிடுகிறது. கறுப்புத் தாள் வந்ததும் அதே ஓரம் தாளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. எழுத்து தாளுக்கு அடியில் தொடர்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

எல்லைக்கோடு யாருக்குச் சொந்தம் என்பது நிலத்தகராறில் மட்டும் வரும் கேள்வியன்று. பார்வையின் ஆரம்பக் கட்டத்திலேயே மூளை தீர்த்துவைக்கும் வழக்கு அது. ருடிகர் ஃபான் டெர் ஹைட்டும் அவருடைய குழுவினரும் குரங்குகளின் பார்வைப் புறணியில் (கண் தரும் செய்தியைக் கையாளும் மூளைப் பகுதியில்) ஒவ்வொரு நரம்பணுவாகப் பதிவு செய்து, 2000ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். வி2 எனப்படும் பகுதியில் அவர்கள் சோதித்த அணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை, ஒரே கோட்டைக் காட்டினாலும், அந்தக் கோடு இடப்பக்கத்து உருவத்துக்குச் சொந்தமா வலப்பக்கத்து உருவத்துக்கா என்பதைப் பொறுத்து வேறு வேறு வேகத்தில் துடித்தன. ஒவ்வொரு அணுவும் காட்சியின் ஒரு சிறு சன்னலை மட்டுமே நேராகப் பார்க்கிறது. சொந்தம் யாருக்கு என்று சொல்லும் சான்றோ அந்தச் சன்னலுக்கு வெளியே கிடக்கிறது. அப்படியிருந்தும், அணு துடிக்கத் தொடங்கிய 25 மில்லிநொடிக்குள் தீர்ப்பு அதன் துடிப்பில் தெரிந்துவிடுகிறது. ‘உள்ளே தலை இருக்கிறது’ என்பது நாம் யோசித்து அடையும் முடிவாக இல்லாமல், யோசிக்கத் தொடங்கும் முன்பே நமக்குத் தரப்பட்டுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

தாளில் இருப்பவை தட்டையான வடிவங்கள். சிலைக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு. அங்கே சொந்தத்தைத் தீர்மானிக்கும் சான்று இன்னும் அழகானது. பிசைந்த கொழுக்கட்டை மாவில் ஒரு கரண்டிக் காம்பைக் குத்தி நிறுத்துங்கள். காம்பும் மாவும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தால் விரல் ஓர் இடுக்கில் சிக்கும். இதைக் குழிக்கோடு என்போம். அந்தக் காம்பையே உடைத்து, உடைந்த முனையில் விரலை ஓட்டினால், விரல் விளிம்பைத் தாண்டி நழுவும். அது குவிக்கோடு. இரண்டு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்போது அவை சந்திக்கும் கோடு ஏறத்தாழ எப்போதும் குழிக்கோடாகத்தான் இருக்கும். இது வடிவியல் தரும் உத்தரவாதம். டொனால்ட் ஹாஃப்மனும் விட்மன் ரிச்சர்ட்ஸும் 1984இல் இதை எடுத்துச் சொல்லி, கண் ஓர் உருவத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதே இந்தக் குழிக்கோடுகளின் வழியாகத்தான் என்று வாதிட்டார்கள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரைப் பார்த்து, கால் இல்லாதவர் என்று நாம் பதறுவதில்லை. நீர்ப்பரப்பும் உடலும் சந்திக்கும் கோடு குழிக்கோடு.

தண்ணீர் உவமை என்னுடையதில்லை. மைக்கேலாஞ்சலோவின் வரலாற்றை எழுதிய வசாரி, கைதிகளைப் பற்றிப் பேசுமிடத்தில் இதைத்தான் சொல்கிறார்: மெழுகுப் பாவையைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி மெல்ல மெல்ல உயர்த்தினால் மேடான பாகங்கள் முதலில் வெளிப்படும், பள்ளமானவை பின்னால் வரும், அந்த முறையில்தான் கல்லிலிருந்து உருவத்தை எடுக்க வேண்டும் என்கிறார். கல்லின் ஒரு முகத்திலிருந்து மட்டும் உள்நோக்கிப் போகும் இந்த வேலைமுறையில், எந்த நாளில் உளியைக் கீழே வைத்தாலும், உடல் முடிந்து கல் தொடங்கும் இடம் பெரும்பாலும் குழிக்கோடாகவே அமைந்துவிடும். நான்கு பக்கமும் சமமாகச் சுற்றிச் சுற்றிச் செதுக்கும் சிற்பி பாதியில் நிறுத்தினால் கிடைப்பது மழுங்கிய ஒரு பொம்மை, அவ்வளவே.

நம்பிக்கை வராமல் இரண்டு சோப்புக் கட்டிகளில் கட்டிக்கொரு விரலைப் பேனாக்கத்தியால் செதுக்கிப் பார்த்தேன். ஒன்றில் விரல்நுனி சோப்புக்குள் இறங்கும்படி விட்டேன். மற்றதில் நுனியைச் செங்குத்தாகச் சீவினேன். என் கைத்திறன் பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஆனால் வீட்டில் காட்டிய எல்லோரும் முதலாவதை ‘சோப்புக்குள் விரல்’ என்றும் இரண்டாவதை ‘வெட்டுப்பட்ட விரல்’ என்றும் சொன்னார்கள். இரண்டாவதைக் குளியலறையில் வைக்கக்கூடாது என்று உத்தரவும் வந்தது. பின்னமான சிலை கண்ணை உறுத்துவதன் காரணம் இங்கே இருக்கிறது: உடைந்த கை குவிக்கோட்டில் முடிகிறது, அந்த விளிம்பு கைக்கே சொந்தம்.

பளிங்கும் தன் பங்குக்கு உதவுகிறது. மெருகேற்றிய பளிங்கின்மேல் விழும் ஒளி சில மில்லிமீட்டர் உள்ளே போய், கால்சைட் படிகங்களிடையே சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. நிழலின் ஓரங்கள் மென்மையாகி, கல் தோல்போலத் தெரிய இதுவே காரணம். மார்க் லெவாய் தலைமையிலான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 1998-99இல் தாவீதையும் கைதிகளையும் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் லேசரால் அளந்தபோது, ஒளி இப்படி உள்ளே புகுந்ததால் அளவுகளே சற்றுத் தடுமாறின. கூர் உளி பட்ட இடமோ நுண்ணிய விரிசல்களால் வெளுத்து, ஒளியை உள்ளே விடாமல் திருப்பிவிடுகிறது. ஒரே கல், உளியும் அரமும் மாறுவதால் மட்டுமே, இரண்டு பொருளாகத் தெரிகிறது. ஃப்ளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் கல்லறைக் கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் ‘பகல்’ என்ற சிலையின் உடல் வழவழவென்றிருக்க, முகம் மட்டும் உளித்தடங்களோடு விடப்பட்டிருப்பது இதன் உச்சம்.

ரோதானின் ‘சிந்தனை’ பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிற்பியான கமில் க்ளோதலின் முகச்சாயலில் ஒரு தலை. மோவாய்க்குக் கீழே கழுத்தும் தோளும் இல்லை, கரடான கல் மட்டுமே. ரோதானின் பளிங்குகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர்கள் அவரிடம் கூலிக்கு வேலை பார்த்த கல்சிற்பிகள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே உளித்தடம் தெரிய வேண்டும் என்பது ரோதானின் உத்தரவு. ‘முடிக்காத’ கல்லையும் கவனமாக முடித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ரோதானின் ‘நடக்கும் மனிதன்’ இந்த வகையில் அடங்காது. தலையும் கைகளும் இல்லாத அந்த வெண்கலத்தில் முனைகள் வெட்டு முனைகள்தான். மூளை அங்கே எதையும் நிரப்புவதில்லை. முகம் என்று ஒன்று இருந்தால் பார்வை முதலில் அங்கேதான் போகும். அதை எடுத்துவிட்டதால் முழுக் கவனமும் கால்களுக்குக் கிடைக்கிறது என்பது என் ஊகம்.

கைதிகளைப் பார்க்கும்போது நம் தசைகளே முறுக்கேறுவதாக உணர்வதற்கு பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் நாமே செய்வதுபோல் துடிக்கும் மூளையின் ‘ஆடி நரம்பணுக்கள்’ காரணமாகலாம் என்று டேவிட் ஃப்ரீட்பெர்க்கும் விட்டோரியோ கல்லேசேயும் 2007இல் எழுதினார்கள். கவர்ச்சியான கருத்து, ஆனால் அந்த அணுக்களின் தலையில் மனிதர்களின் எல்லா உணர்வையும் ஏற்றிவைக்கும் பழக்கம் எனக்கு உவப்பில்லை. குழிக்கோட்டுக்கு இருக்கும் அளவு சான்று அதற்கு வரட்டும். கோடு யாருக்குச் சொந்தம் என்று குரங்கிடம் கேட்கும் ஆய்வுக்கு எந்த அமைச்சகத்திடமாவது இன்று பணம் கேட்டால், ‘இதனால் நாட்டுக்கு என்ன பயன்’ என்ற பத்தியை நிரப்புவதற்குள் ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிடுவார். சிற்பக் கல்லூரி மாணவரும் நரம்பியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார ஒரு சிறிய நல்கை கிடைத்தால்கூட நல்லது.

மிலான் நகரின் ஸ்ஃபோர்சா கோட்டையில் மைக்கேலாஞ்சலோ சாகும் சில நாட்களுக்கு முன்வரை செதுக்கிக்கொண்டிருந்த ‘ரொண்டானினி பியேட்டா’ இருக்கிறது; இறந்த இயேசுவைத் தாய் மரியாள் தாங்கும் சிலை அது. பாதியில் மனம் மாறி, ஏற்கெனவே எடுத்திருந்த உருவத்தை வெட்டிவிட்டு, மரியாளின் உடலுக்குள்ளிருந்தே புதிய இயேசுவை எடுக்கத் தொடங்கினார். பழைய இயேசுவின் ஒரு கை மட்டும், மெருகேறிய தசையும் நரம்புமாக, மேலே எந்தத் தோளோடும் சேராமல் பக்கத்தில் நிற்கிறது. தாயும் மகனும் முகம்கூடத் தெளியாத கரட்டுக் கல்லாக ஒருவருக்குள் ஒருவர் புதைந்திருந்தும் முழு உடல்களாகத் தெரிகிறார்கள். அந்தச் சிலையில் வெட்டுப்பட்டதாகத் தெரிவது, செதுக்கி முடித்த அந்தக் கைதான்.