ஊமைப்படம் அல்ல, பேசாப்படம்

அமெரிக்க நடிகர் லான் சேனியைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் அவரை 'புகழ்பெற்ற ஊமை நடிகர்' என்று எழுதியிருந்தார்கள். 'ஊமைப்பட நடிகர்' என்பதே எனக்கு உறுத்தும். இங்கே நடுவிலிருந்த 'பட'மும் விழுந்து, மனிதரையே ஊமையாக்கிவிட்டது. சேனிக்கு நன்றாகவே பேச வரும். காது கேளாதவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும்தான். 1883இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கையும் முகமும்தான் மொழி. 1923இல் பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் கூனனாகவும் 1925இல் ஓபரா அரங்கின் பேயுருவாகவும் அவர் திரையில் நின்றபோது கைகொடுத்தது அந்த வீட்டுப் பழக்கம்தான். இவரைப் பற்றி எழுதும்போதாவது அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கலாம்.

'ஊமை' பழைய சொல். குறுந்தொகை 58ஆம் பாட்டில் 'கையில் ஊமன்' வருகிறான். வெயிலில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. காவலிருப்பவனுக்கு எடுக்கக் கை இல்லை, ஆளைக் கூப்பிடப் பேச்சும் இல்லை. சொல்ல வேண்டியிருந்தும் சொல்ல முடியாத நிலைதான் ஊமை.

'ஊமைக்காயம், ஊமைவெயில் என்றெல்லாம் சொல்கிறோமே, ஊமைப்படம் மட்டும் ஏன் கூடாது?' என்று கேட்பார்கள். அந்தச் சொற்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊமைக்காயம் என்றால் உள்ளே அடிபட்டு வெளியே தெரியாத காயம். ஊமைவெயில் மேகத்துக்குள் மறைந்து புழுங்க வைக்கும் வெயில். இரண்டிலும் வெளியே காட்டாமல் இருப்பதுதான் பொருள். சேனி நடித்த படங்களிலோ கோபம், பயம், ஏக்கம் எல்லாமே வெளியேதான் இருக்கின்றன. அதைக் காட்ட முகத்தையும் உடம்பையும் அவர் எவ்வளவு வருத்திக்கொண்டார்! 'ஆயிரம் முகங்கள் கொண்டவர்' என்று பெயர் வாங்கியவரின் கலைக்கு நேர் எதிரான சொல் இது. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களை இந்தச் சொல் புண்படுத்துவதும் தனியே இருக்கிறது.

சரி, 'மௌனப்படம்'? வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதை ஒதுக்கவில்லை. மௌனம் என்பது முனிவரின் நோன்பு. பேச முடிந்தவர் தானாக வாயைக் கட்டுவது. இந்தப் படங்களில் யாரும் வாயைக் கட்டவில்லை. கத்துகிறார்கள், கெஞ்சுகிறார்கள், உதடு அசைகிறது, சொன்னது எழுத்து அட்டையாக வருகிறது. அரங்கிலும் மௌனம் கிடையாது, பியானோவோ ஆர்கனோ வாசித்துக்கொண்டே இருப்பார்கள்.

பேச்சு வருவதற்கு முன்னால் அவை வெறும் படங்கள்தான். 1927க்குப் பிறகு 'பேசும் படம்' பரவியதால்தான் பழையதைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. பேசும் படத்துக்கு எதிர் பேசாப் படம்தானே? ஓடாக் குதிரை, வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் கையிலேயே இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் முன்னால் ஒருவர் போட்டதைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். பொருளை ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

சேனி நடித்த ஒரே பேசும் படம் 1930இல் வந்தது. அதில் கிழவி, கிளி உட்பட ஐந்து குரல்களில் பேசினார். ஐந்தும் தன் குரலே என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், 47 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.