குலுக்கினால் சத்தம் வராத பாத்திரம்

குலசேகரத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார்: "பாட்டிக்கு முட்டுத் தேய்மானம். குருத்தெலும்பை விண்வெளியில் வளர்க்கிறார்களாமே, பூமியில் முடியாதா?"

முடியும். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் மெத்தைதான் குருத்தெலும்பு. கன்றின் மூட்டிலிருந்து எடுத்த செல்களைப் பாலிகிளைகோலிக் அமில இழைகளாலான சிறு வட்டில் விதைப்பார்கள். ஆபரேஷனில் போடும் தானாகக் கரையும் தையல் நூலிலும் இதே பொருள் உண்டு. வட்டு கரையக் கரைய, செல்கள் சுரக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அந்த இடத்தை நிரப்பும்.

சிக்கல் சாப்பாட்டில்தான். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. ஊட்டத் திரவம் அசையாமல் கிடந்தால் நடுவிலுள்ள செல்கள் பட்டினி. வேகமாகக் கலக்கினால் அடிபடும். இதற்காக நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் ஒரு சுழல் பாத்திரம் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது.

படுக்கவைத்த உருளை. உள்ளே திரவம் முட்ட முட்ட நிறைந்திருக்கும், ஒரு காற்றுக்குமிழ்கூட இருக்கக் கூடாது. நம்மூர்க் கருக்கை, அதாவது இளநீர்க் காயை, காதருகே குலுக்கிப் பாருங்கள், சத்தமே வராது. முற்றின தேங்காய் களக் களக்கென்னும், உள்ளே காற்று இருப்பதால். பாத்திரம் கருக்கு மாதிரி இருக்க வேண்டும். அப்போது உருளையைச் சுழற்றினால் திரவம் அலையடிக்காமல் மொத்தமாகச் சேர்ந்து சுற்றும். வட்டு தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கும், சுற்றிவரும் திரவம் அதை மேலே தூக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகும் வேகத்தில் சுற்றினால் வட்டு விழுந்துகொண்டே இருக்கும், அடியைத் தொடவே தொடாது! விழ விழப் புதுத் திரவம் அதைத் தழுவிப் போகும். ஆக்சிஜன் சிலிக்கோன் ரப்பர் சவ்வு வழியாகக் குமிழில்லாமல் வந்து கரையும்.

அப்புறம் எதற்கு விண்வெளி? எடையை அடியோடு எடுத்துவிட்டால் என்னாகும் என்று பூமியில் மாதக்கணக்கில் பார்க்க முடியாது. மூன்று மாதம் இங்கே வளர்ந்த வட்டுகளில் ஒரு பங்கை 1996 செப்டம்பரில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனது. மறுபங்கு பூமியிலேயே வளர்ந்தது. 1997 ஜனவரியில் திரும்பி வந்தவற்றில் செல்கள் உயிரோடிருந்தன. ஆனால் வட்டுகள் உருண்டைபோல் ஆகியிருந்தன. பூமியில் வளர்ந்தவற்றைவிடச் சிறியவை, வலுவும் குறைவு.

ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறோம். அந்த ராக்கெட்டில் இப்படியொரு பாத்திரத்துக்கும் இடமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பேன். கால்முட்டைப் பிடித்துக்கொண்டு படியேறும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.