ஸ்டீராய்டு: கிராமும் நாட்காட்டியும்

நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் திடீரென்று சீறி எழுந்து பார்வையையோ நடையையோ முடக்கும்போது, மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் வரை சிரைவழியே ஏற்றுவார்கள். மாத்திரையாகத் தரப்படும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் கணக்கில் அது தினம் 1,250 மில்லிகிராம். அத்தனை கொடுத்தும், பெரும்பாலானவர்களுக்குப் படிப்படியாகக் குறைக்காமலே நிறுத்திவிடலாம். ஆனால் தினம் வெறும் 10 மில்லிகிராம் பிரட்னிசோலோன் மாத்திரையை ஆறு மாதம் விழுங்கியவர் ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

காரணம் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அது அன்றாடம் சுரக்கும் கார்ட்டிசாலின் (உடலின் சொந்த ஸ்டீராய்டு) அளவு, ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்கு ஈடு. அதற்கு ஆணையிடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஆணையிடுவதை நிறுத்திவிடும். வேலையில்லாத அட்ரினல் மெல்லச் சுருங்கும். சில நாட்களில் இது நடப்பதில்லை. மூன்று, நான்கு வாரங்களைத் தாண்டினால் நடக்கக்கூடும், மீள மாதங்கள் பிடிக்கலாம். மாத்திரையைக் காலையில் போடச் சொல்வதும் இதனால்தான்: இயல்பாகவே கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும் வேளை அது. தூக்கமும் அதிகம் கெடாது.

எந்த நோய்க்குக் கொடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. மூளையில் வீக்கம் என்றாலே ஸ்டீராய்டு என்ற எண்ணத்தை 2004-ல் வெளியான கிராஷ் ஆய்வு உடைத்தது. தலைக்காயமடைந்த 10,008 பேரில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதத்தினர் இரண்டு வாரத்துக்குள் இறந்தனர், பெறாதவர்களில் 17.9 சதவீதம். வியட்நாமில் 545 காசநோய் மூளைக்காய்ச்சல் நோயாளிகளிடம் நடந்து அதே ஆண்டு வெளியான ஆய்விலோ, காசநோய் மருந்துகளோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தபோது இறப்பு 41.3 சதவீதத்திலிருந்து 31.8 ஆகக் குறைந்தது. நரம்புகள் தாக்கப்பட்டுக் கைகால் செயலிழக்கும் கில்லன்-பாரே நோயில் ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்துப் பயனே இல்லை.

மயஸ்தீனியா கிராவிஸ் இன்னும் விசித்திரம். தசைகள் சோர்ந்துபோகும் இந்நோயில் ஸ்டீராய்டு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எடுத்த எடுப்பில் முழு அளவைக் கொடுத்தால், முதல் இரண்டு வாரத்தில் சிலருக்கு விழுங்கவும் மூச்சுவிடவும் கடினமாகிவிடும். ஆகவே வீட்டிலிருந்து சிகிச்சை பெறுபவருக்குக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவதே வழக்கம்.

நீண்ட நாள் கொடுப்பதானால் முன்கூட்டியே சர்க்கரை, ரத்த அழுத்தம், மறைந்திருக்கும் காசநோய், ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கும் வழிசெய்ய வேண்டும். வெறுங்காலில் நடக்கும் பழக்கமுள்ள நம் ஊர்களுக்கென்று ஒன்றும் உண்டு: மண்ணிலிருந்து தோல்வழி நுழையும் ஸ்டிராஞ்சிலாய்ட்ஸ் புழு. ஆண்டுக்கணக்கில் குடலில் ஓசையின்றிக் கிடக்கும் அது, ஸ்டீராய்டு கொடுத்ததும் பெருகி உடலெங்கும் பரவலாம். ஐவர்மெக்டின் அதற்கு மருந்து. தேடிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால், அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கு மருத்துவமனை போயாக வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பதைக் குறித்த அட்டை சட்டைப்பையில் இருந்தால், அங்குள்ள மருத்துவருக்கு விளக்க நேரம் வீணாகாது.