பெயர் ஒன்றுதான், ஃபாண்ட் வேறு

இந்த மாதத்தில் இது மூன்றாவது. அச்சுக்குப் போகவேண்டிய புத்தகம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் திறந்தால், ஃபாண்ட் கிடைக்காத இடத்தில் அது பூசும் பிங்க் நிறம் எங்கேயும் இல்லை, எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் 14ஆம் பக்கத்தில் முடியவேண்டிய அத்தியாயத்தின் கடைசி வரி 15க்குத் தாவி அங்கே தன்னந்தனியாக நிற்கிறது. அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளிப்போய், கையால் அடித்துவைத்த பொருளடக்கத்தின் எண்கள் அத்தனையும் தப்பு. வடிவமைத்தவரைக் கூப்பிட்டால், "உங்ககிட்டயும் அதே ஃபாண்ட்தானே சார் இருக்கு?" என்கிறார்.

இருந்தது அதே பெயர், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இன்டிசைன் ஃபைலுக்குள் ஃபாண்ட் உட்கார்ந்திருப்பதில்லை, அதன் பெயர்தான் இருக்கிறது. திறக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும், எந்த ஃபைல் 'உள்ளேன் ஐயா' சொல்கிறதோ அதை வைத்து வரியைக் கோக்கும். நீங்கள் ஐந்து வருடம் முன்பு இறக்கியதும் நான் போன வாரம் இறக்கியதும் ஒரே பெயரில்தான் இருக்கும். இடையில் ஃபாண்டைச் செய்தவர் எழுத்துகளின் அகலத்தைக் கொஞ்சம் திருத்தியிருப்பார். எழுத்துக்கு ஃபாண்ட் அளவில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு கூடினால்கூட, நாற்பது எழுத்து உள்ள வரியில் 11 பாயின்ட் அளவில் மூன்றரை பாயின்ட் வந்துவிடும். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த சொல் கீழே இறங்க இது போதாதா?

"ஃபாண்ட் மேனேஜர் போட்டிருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த சமாதானம். ஃபாண்டுகளை அடுக்கிவைத்து, வேண்டியதை ஆக்டிவேட் செய்து (மற்ற மென்பொருள்களுக்குக் கிடைக்கச் செய்து) தரும் அலமாரிதான் அது. ஒரே ஃபாண்டின் டிடிஎஃப், ஓடிஎஃப், வேரியபிள் என்ற மூன்று ஃபைல் வடிவங்களையும் உள்ளே திணித்து எல்லாவற்றையும் ஆக்டிவேட் செய்துவைத்தால் அது என்ன செய்யும்? போதாததற்கு இன்னொரு பிரதியைச் சிஸ்டம் ஃபோல்டரிலும் போட்டுவைக்கிறார்கள்.

அப்புறம் ஸ்டைல். வேர்டில் லதா என்ற தமிழ் ஃபாண்டில் அடித்து இட்டாலிக் பொத்தானைத் தட்டினால் எழுத்து சாய்கிறது. லதாவில் ரெகுலரும் போல்டும் மட்டும்தான் உண்டு, இட்டாலிக் கிடையாது. வேர்ட் தானாகவே சாய்த்துக் காட்டுகிறது. அதையே இன்டிசைனுக்குள் கொண்டுவந்தால், அது இல்லாத இட்டாலிக்கைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிங்க் பூசிவிடும். ஆங்கில ஃபாண்டிலும் இந்தத் தொல்லை உண்டு. விண்டோஸ் வேர்ட் ஒரு குடும்பத்தில் நாலு பேரைத்தான் சேர்க்கும்: ரெகுலர், போல்ட், இட்டாலிக், போல்ட் இட்டாலிக். செமிபோல்டு, லைட் எல்லாம் தனிக்குடித்தனம். செமிபோல்டின் மேல் போல்ட் பொத்தானைத் தட்டினால் என்ன வரும் என்பது ஃபாண்டைச் செய்தவர் உள்ளே எழுதிவைத்த பெயர்த் தொடர்பைப் பொறுத்தது. தயவுசெய்து தட்டாதீர்கள். வேண்டிய எடையை, அதாவது எழுத்தின் தடிமனை, பட்டியலிலிருந்து எடுங்கள்.

டைப் 1 என்ற பழைய வடிவ ஃபாண்டுகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: இன்டிசைனைச் செய்யும் அடோபி 2023 ஜனவரியில் ஆதரவை நிறுத்திவிட்டது, பழைய புத்தகத்தை மறுபதிப்புக்கு எடுக்குமுன் மாற்று ஃபாண்டைப் பார்த்துவையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? சிஸ்டம் ஃபோல்டரில் சிஸ்டத்துக்கு வேண்டியதை மட்டும் விடுங்கள். மேனேஜரில் புத்தகத்துக்கு ஒரு தொகுப்பு வைத்து, வேலை நடக்கும்போது மட்டும் ஆக்டிவேட் செய்யுங்கள். ஒரே ஃபாண்டுக்கு ஒரே வடிவம், ஒரே பதிப்பு. அனுப்பும்போது இன்டிசைன் ஃபைலை மட்டும் இழுத்துப் போடாமல், இன்டிசைனின் 'பேக்கேஜ்' கட்டளையால் ஃபாண்டுகளோடு சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். அதில் உருவாகும் 'டாக்குமென்ட் ஃபாண்ட்ஸ்' ஃபோல்டர் ஃபைலின் பக்கத்திலேயே இருந்தால் அந்த ஃபைலுக்கு அதுவே பயன்படும். அடோபி ஃபாண்ட்ஸ் சேவையில் ஆக்டிவேட் செய்தவை அதில் சேராது, உரிமம் அப்படி. கூடவே ஒரு பிடிஎஃப், கெஞ்சிக் கேட்கிறேன். வரி எங்கே உடைந்திருந்தது என்று ஒப்பிட எனக்கு வேறு வழியில்லை.

அந்தப் புத்தகத்தின் ஃபோல்டரைக் கடைசியில் வாங்கிவிட்டேன். திறந்ததும் அந்த ஒற்றை வரி 14ஆம் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. போன இரண்டு நாள்தான் திரும்பவில்லை.