கதிர்க்காப்பு: முன்னால் கட்டுவதுதான் காப்பு

பழைய வண்ணாரப்பேட்டையில் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுப்பதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். “தொண்டைல இருபத்தஞ்சு கரண்டு வச்சாச்சு, வாயெல்லாம் காஞ்சி பூட்ச்சி” என்று ஒரு அத்தை சொல்லக் கேட்டேன். மின்சாரமே இல்லாத கரண்டு அது! அந்த வாய் வறட்சியைக் குறைக்க அமிஃபோஸ்டின் என்றொரு ஊசிமருந்து உண்டு. கதிர்வீச்சின் சேதத்திலிருந்து உடம்பைக் காக்கும் இத்தகைய மருந்துகளின் இனப்பெயர் ரேடியோப்ரொடெக்டர். தமிழில் என்ன சொல்லலாம்?

முதல் பாதிக்கு வேர் லத்தீன் ‘ராடியஸ்’; சக்கரத்தின் ஆரக்கால். மீன்பாடி வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள், நடுவிலிருந்து நாலாபக்கமும் கம்பிகள் பாய்கின்றன. கணக்குப் பாடத்தில் அது ‘ஆரம்’ ஆனது. இயற்பியலுக்கோ நாம் ‘கதிர்’ எடுத்தோம்: வெயிலின் கதிர், நெற்கதிர், நூல் நூற்கும் கதிர், எல்லாமே மெலிந்து நீண்டவை.

பின்பாதிக்குக் ‘காப்பு’. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுமுன் காப்புக் கட்டுகிறார்கள். நூலின் தலையில் காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழின் முதல் பருவமும் காப்புதான். (போலீஸ் மாட்டும் காப்பு மட்டும் காரியம் முடிந்த பிறகு வருவது.) ஆகவே, கதிர்க்காப்பு மருந்து. கதிரைக் காக்கும் மருந்தா என்று கேட்பவர்கள் கொசுவலைக்குள் படுத்து யோசிக்கலாம்.

காப்பு முன்னால் வருவது; இந்த ‘முன்’ மருந்துக்கும் பொருந்துகிறது. கதிர் பட்டதும் உடம்பின் நீர் மூலக்கூறுகள் உடைந்து ஃப்ரீ ராடிகல்கள், அதாவது பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் துடிப்பான துணுக்குகள், பிறக்கும். கண்மூடித் திறக்குமுன் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். அவற்றை மடக்கும் கந்தகச் சேர்மம் முன்கூட்டியே செல்லுக்குள் இருந்தாக வேண்டும். 1949-ல் சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் முன்னதாகச் செலுத்தப்பட்ட எலிகள் எக்ஸ் கதிரைத் தாங்கிப் பிழைத்தன. பிறகு அணுகுண்டுப் பயத்தில் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வகம் 4,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்தெடுத்ததில் கிடைத்ததே அமிஃபோஸ்டின். ஆனால் குமட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் சிப்பாய் எப்படித் துப்பாக்கி பிடிப்பான்? மருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

உடல் முழுதும் ஒரே வீச்சில் பெருங்கதிர் பட்டு வருவதைக் ‘கடும் கதிர்வீச்சு நோய்’ என்று எழுதுகிறோம். ‘அக்யூட்’ என்பதில் கடுமையைவிடச் சட்டென்று வருவதே முக்கியம் என்பதால் எனக்கு ‘உடனடிக் கதிர்நோய்’ பிடிக்கிறது. அதற்கென 2015-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்த ஃபில்கிராஸ்டிம், கதிர் பட்ட பிறகு போடும் ஊசி; எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளணுக்களை மீட்கிறது. வேண்டுமென்றே மனிதர்மேல் கதிர் பாய்ச்சிச் சோதிக்க முடியாதே. குரங்குகளிடம் கிடைத்த பலனை வைத்தே ஒப்புதல். இதையும் கதிர்க்காப்பு என்றால் சொல் பொய்க்கும். கதிர்த்தணிப்பு எனலாம்.

அணுவுலை விபத்தின்போது தரும் அயோடின் மாத்திரை? காப்புதான். ஆனால் கதிரியக்க அயோடினிடமிருந்து, அதுவும் தைராய்டு ஒன்றுக்கு மட்டும்.